விருந்தாளியின் கிண்ணம்

ஒரு வீட்டிற்கு விருந்தினராகச் செல்கிறோம். வீட்டுக்குடையவர் வாயிலில் நின்று வரவேற்கிறார், அமரச் சொல்கிறார், பருகுவதற்கு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுகிறார். அதை வாங்கி முகர்ந்து பார்ப்பதோ, "முதலில் தாங்கள் சிறிது அருந்துங்கள்" என்று கேட்பதோ நம்மில் எவருக்கும் இயலுவதன்று. பிடிக்காத பானமாயினும் இரண்டு மிடறு விழுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறதென்று சொல்லி வைப்போம். இந்தச் சிறு மரியாதையின்மேல்தான் துப்பறியும் நாவல்களில் ஒரு பெரும் பிரிவே கட்டப்பட்டிருக்கிறது. விருந்தளிப்பவனே விருந்தாளியின் கிண்ணத்தில் நஞ்சைக் கலந்தால் என்ன ஆகும் என்பதே அக்கதைகளின் கேள்வி.

அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இன்று பேச விரும்புகிறேன். அகாதா கிறிஸ்டி என்னும் ஆங்கில ஆசிரியை எழுதிய 'த்ரீ ஆக்ட் டிராஜடி' அது. மூன்றங்கத் துன்பியல் நாடகம் என்று பெயரைத் தமிழாக்கலாம். 1934-இல் அமெரிக்காவில் வேறொரு தலைப்பிலும், 1935-இல் இங்கிலாந்தில் இத்தலைப்பிலும் வெளிவந்தது. கதையின் முடிவைச் சொல்லாமல் இதைப்பற்றி ஒன்றும் பேச முடியாது. நூலைப் படிக்க எண்ணியிருந்து, முடிவு தெரிந்துவிட்டால் சுவை கெடும் என்று அஞ்சுகிற மாணவர்கள் இப்போதே வானொலிப் பெட்டியை மூடிவிடலாம். நான் வருத்தப்பட மாட்டேன்.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் கடற்கரையில், ஒரு குன்றின்மேல் ஒரு வீடு. அதன் சொந்தக்காரர் சர் சார்லஸ் கார்ட்ரைட். நாடக மேடையில் பெரும்புகழ் ஈட்டி ஓய்வு பெற்ற நடிகர். ஒருநாள் மாலை நண்பர்களை விருந்துக்கு அழைக்கிறார். வந்தவர்களில் பழைய தோழரான மருத்துவர் ஒருவர், அயலிலுள்ள சீமாட்டியும் அவர் மகளும், நாடக உலகத்தார் சிலர், ஊர்ப் பாதிரியார் பாபிங்டனும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். பெல்ஜிய நாட்டுத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவும் விருந்தாளிகளில் ஒருவர். உணவுக்கு முன்பு காக்டெயில் என்னும் கலவை மது வழங்கப்படுகிறது. வீட்டுக்குடையவர் கலக்கிறார்; பணிப்பெண் தட்டில் ஏந்தி வருகிறாள்; அவரவர் கைக்கு எட்டிய கிண்ணத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதிரியார் முதியவர், சாது, அந்த வகை மதுவில் பழக்கமில்லாதவர். மரியாதைக்காக ஒரு மிடறு பருகுகிறார். முகம் சுளிக்கிறது. தொண்டையைப் பிடித்துக்கொள்கிறார், தள்ளாடி விழுகிறார், சில நிமிடங்களில் உயிர் பிரிந்துவிடுகிறது. இந்தச் சாவில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று முதலில் வாய் திறந்தவர் யார் தெரியுமா? விருந்தளித்த கார்ட்ரைட்டேதான். கிண்ணத்தைச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். அதில் மதுவைத் தவிர வேறொன்றுமில்லை என்று முடிவு வருகிறது. முதியவர், பலவீனமான உடல், ஏதோ வலிப்பு என்று எல்லோரும் ஆறுதல் அடைகிறார்கள். இயற்கைச் சாவே என்று பொய்ரோவும் கருதிவிடுகிறார்.

சில காலம் கழித்து, அதே மருத்துவ நண்பர் யார்க்ஷயரிலுள்ள தம் இல்லத்தில் விருந்தளிக்கிறார். முதல் விருந்துக்கு வந்தவர்களில் பலர் இங்கும் வந்திருக்கிறார்கள். உணவு முடிந்து போர்ட் என்னும் இனிப்பு மதுவை அருந்தியவுடன் மருத்துவர் சரிந்து விழுந்து இறக்கிறார். புதிதாக வேலைக்கு அமர்ந்திருந்த தலைமைப் பணியாள் அன்றிரவே மறைந்து போகிறான். இம்முறை உடலைச் சோதித்தவர்கள் நிகோடின் என்னும் நஞ்சைக் கண்டுபிடிக்கிறார்கள். பாதிரியாரின் புதைகுழியைத் தோண்டிச் சோதிக்கிறார்கள். அங்கும் நிகோடின்!

புதிரின் முடிச்சு எவ்வளவு இறுக்கமாக விழுந்திருக்கிறது பாருங்கள். மருத்துவரைக் கொல்ல யாருக்கேனும் காரணம் இருக்கலாம். பாதிரியாருக்கோ உலகில் ஒரு பகைவன் இல்லை. அவர் இறந்தால் ஒருவருக்கும் ஒரு காசு இலாபமில்லை. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. தட்டில் பல கிண்ணங்கள் இருந்தன. எதை எடுப்பது என்பது எடுப்பவர் விருப்பம். நஞ்சுள்ள கிண்ணம் பாதிரியார் கைக்கே போய்ச் சேரும் என்று கொலையாளிக்கு எப்படித் தெரியும்?

அவனுக்குத் தெரியாது என்பதுதான் விடை. தெரிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. அம்மாலையில் இறப்பவர் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒன்றே. மேடையேறுமுன் நடிகர்கள் முழு வேடத்துடன் ஒத்திகை பார்ப்பார்கள் அல்லவா? கார்ட்ரைட் தம் நண்பரான மருத்துவரைக் கொல்வதற்குமுன் ஓர் ஒத்திகை பார்த்தார். பலர் கூடிய அவையில் ஒருவனுக்கு நஞ்சிட்டுக் கொன்று, எல்லோர் கண்ணெதிரிலும் கிண்ணத்தை மாற்றிவிட முடியுமா என்பதே அவர் அறிய விரும்பியது. ஒத்திகைக்கு ஒரு பிணம் தேவைப்பட்டது. அது பாதிரியாராக அமைந்துவிட்டது. முதல் கொலைக்குக் காரணம் தேடித் தேடி அலுத்துப்போன வாசகன் இந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருப்பான். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

கிண்ணத்தை மாற்றியது எப்படி? மந்திரமொன்றும் இல்லை. ஒருவர் தள்ளாடி விழுந்தால் அறையிலுள்ள எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். மேசையிலோ தரையிலோ கிடக்கும் கிண்ணத்தை யாரும் பார்ப்பதில்லை. அந்தக் கணத்தில் நஞ்சுள்ள கிண்ணம் போய், நஞ்சில்லாத கிண்ணம் அவ்விடத்தில் வந்துவிடுகிறது. இதை மெய்ப்பிப்பதற்காகப் பொய்ரோ பின்னர் ஒரு சிறு விருந்து வைக்கிறார். ஒருவரை நஞ்சுண்டவர்போல் விழுந்து நடிக்கச் செய்து, அந்தக் குழப்பத்தில் யாருமறியாமல் கிண்ணத்தை மாற்றிக் காட்டுகிறார். விழுந்து நடிக்கும் அந்தப் பாத்திரத்தை ஏற்பவர் கார்ட்ரைட்டே! ஆசிரியையின் குறும்பு இது. நடிகன் பார்வையாளரின் கண்ணை எங்கே திருப்ப வேண்டும் என்பதை அறிந்தவன். விருந்தளிப்பவனுக்கோ இன்னொரு வசதியும் இருக்கிறது. தன் வீட்டில் தான் எங்கே நின்றாலும், எந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாலும், ஏன் என்று கேட்பார் இல்லை.

இரண்டாம் கொலையில் மறைந்துபோன பணியாள் யார் என்பதை இதற்குள் ஊகித்திருப்பீர்கள். கார்ட்ரைட்டே வேடமிட்டு அங்கே பணியாளாகப் பரிமாறியிருக்கிறார். பல முறை அவரோடு ஒரே மேசையில் உண்டவர்கள், அவரே உணவுத் தட்டை நீட்டியபோது அடையாளம் காணவில்லை. உணவு பரிமாறுகிறவனின் முகத்தை யார் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? முதல் விருந்தில் வீட்டின் தலைவர். இரண்டாம் விருந்தில் வீட்டின் ஏவலாள். வீட்டின் மேற்படியில் இருப்பவனும் கீழ்ப்படியில் இருப்பவனுமாகிய இருவருடைய கையையும் ஒருவரும் ஐயுறுவதில்லை. அன்றைய ஆங்கிலச் சமூகத்தைப் பற்றி இக்கதை சொல்லும் மிகக் கசப்பான செய்தி இதுவென்று நான் எண்ணுகிறேன். ஆசிரியை அதை ஒரு சொல்லாலும் அழுத்திச் சொல்லவில்லை.

கொலைக்குக் காரணம் அக்காலச் சட்டத்தோடு பிணைந்தது. கார்ட்ரைட்டுக்கு இளமையில் மணமான மனைவி ஒருத்தி சித்தம் கலங்கிய நிலையில் மருத்துவ விடுதியில் உயிரோடிருக்கிறாள். அன்றைய இங்கிலாந்தில் அதைக் காரணங்காட்டி மணவிலக்குப் பெற வழியில்லை. 1937-இல் இயற்றப்பட்ட மணவழக்குச் சட்டந்தான் தீராத சித்தக் கலக்கத்தையும் மணவிலக்குக்குரிய காரணமாக ஏற்றுக்கொண்டது. நாவல் அதற்கு முற்பட்டது. கார்ட்ரைட் வேறொரு பெண்ணை மணக்க விரும்புகிறார். முதல் மனைவியின் செய்தி அறிந்தவர் அந்த மருத்துவ நண்பர். ஆகவே அவர் வாழக் கூடாது. அமெரிக்கப் பதிப்பில் இந்தக் காரணத்தையே மாற்றி, வேறொரு காரணத்தை ஆசிரியை அமைத்திருக்கிறார். ஒரே கொலைக்கு இரு நாட்டிற்கு இரு காரணங்கள்! ஆங்கிலப் பதிப்பே எனக்கு உகந்தது. ஒரு சட்டம் இரண்டாண்டுகள் முந்தி வந்திருந்தால் கதையில் மூவர் பிழைத்திருப்பார்கள். மூவர் என்றேன், மூன்றாவதாக ஒரு நோயாளிப் பெண்ணும் நஞ்சிட்ட சாக்லேட்டால் இறக்கிறாள். மூன்றங்கம் நிறைவு பெற வேண்டுமல்லவா?

இனி அந்த நஞ்சைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நிகோடின் புகையிலையில் உள்ள பொருள். 1828-இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க் நகரில் போசெல்ட், ரைமன் என்ற இருவர் அதைத் தனியே பிரித்தெடுத்தார்கள். தூய நிலையில் நிறமற்ற எண்ணெய் போன்ற திரவம், காற்றுப்பட்டால் பழுப்பேறும். நாவல் எழுதப்பட்ட காலத்தில் நிகோடின் கலந்த பூச்சிமருந்துகள் தோட்டங்களில் தாராளமாகப் புழங்கின. கதையில் வரும் நஞ்சும் ரோஜாச் செடிக்குத் தெளிக்கும் மருந்திலிருந்து எடுக்கப்பட்டதே.

இந்த நஞ்சுக்கு உண்மை வரலாற்றிலும் ஒரு விருந்து மேசை உண்டு. பெல்ஜியத்தில் பிட்ரெமோன் என்னும் மாளிகையில் வாழ்ந்தவன் இப்போலித் தெ பொகார்மே என்ற பிரபு. கடனில் மூழ்கியவன். அவன் மனைவியின் தம்பி குஸ்தாவ் செல்வமுடையவன், மணமாகாதவன், கால் இழந்து ஊன்றுகோலால் நடப்பவன். அவன் திருமணம் செய்துகொள்ளப் போகிறான் என்ற செய்தி எட்டியது. 1850 நவம்பர் 20-ஆம் நாள் அவனை மாளிகைக்கு உணவருந்த அழைத்தார்கள். வழக்கத்துக்கு மாறாக அன்று குழந்தைகளை உடன் அமர்த்தவில்லை. பிரபுவின் மனைவி தானே பரிமாறினாள். மாலைக்குள் தம்பி இறந்து கிடந்தான். வாத நோயால் இறந்தான் என்றார்கள். ஆனால் பிணத்தின் வாயில் காடி ஊற்றப்பட்டிருந்தது, உடைகள் அவசரமாகத் துவைக்கப்பட்டிருந்தன, தரை சுரண்டப்பட்டிருந்தது. இவற்றையெல்லாம் பணியாட்கள் கண்டார்கள், பேசினார்கள்.

அக்காலத்தில் பாஷாணத்தைப் பிணத்திலிருந்து கண்டறிய வழி இருந்தது. ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேயர் 1836-இல் அதற்கு முறை வகுத்திருந்தார். தாவர நஞ்சுகளோ உடலில் புகுந்தால் தடம் தெரியாமல் கரைந்துவிடும் என்று வல்லுநர்களே கருதியிருந்தார்கள். பிரபு நிகோடினைத் தேர்ந்ததும் அதனால்தான். இறந்தவனின் உடற்பகுதிகள் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருந்த ழான் செர்வே ஸ்தாஸ் என்ற இரசாயன அறிஞரிடம் வந்து சேர்ந்தன. அவர் அமிலம் கலந்த சாராயத்திலும், பின்னர் ஈதரிலும் அவற்றைப் படிப்படியாகக் கரைத்துப் பிரித்து, இறுதியில் புகையிலை நெடி வீசும் எண்ணெய்த் துளிகளைப் பெற்றார். பிரபு புகையிலை இலைகளை ஏராளமாக வாங்கி, ஏதோ நறுமணநீர் காய்ச்சுவதாகச் சொல்லி வந்ததும் வெளிப்பட்டது. 1851 ஜூலையில் மோன்ஸ் நகரில் அவன் தலை துணிக்கப்பட்டது. மனைவி விடுதலை பெற்றாள். ஸ்தாஸ் கண்ட முறை, பின்னர் வந்தவர்களால் திருத்தம் பெற்று, நெடுங்காலம் உலகெங்குமுள்ள சோதனைச் சாலைகளில் வழங்கியது.

நாவலுக்கும் வாழ்வுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். நிகோடின் நாவில் பட்டால் எரியும். பிட்ரெமோன் மாளிகையில் விருந்தாளியைக் கீழே தள்ளிப் பிடித்து, வாயில் வலிந்து ஊற்றினார்கள் என்பதே வழக்கில் வெளியான செய்தி. கிறிஸ்டியின் பாதிரியாரோ ஒரே மிடறில் அமைதியாக ஏமாந்து போகிறார். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆசிரியை இந்தக் குறையை உணராதவர் அல்லர். முதல் உலகப் போரின்போது அவர் டார்க்கீ நகர மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் பிரிவில் பணியாற்றியவர். அதற்குரிய தேர்விலும் தேறியவர். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் நஞ்சைக் கையாண்ட முறையை மருந்தாளர்களின் பத்திரிகையே பாராட்டியது. ஆகையால்தான் காக்டெயிலில் பழக்கமில்லாத ஒருவரை அவர் தேர்ந்தெடுத்தார். புதிதாகக் குடிப்பவர் முகம் சுளித்தால் மதுவின் கடுமையென்று எண்ணுவார்களேயன்றி நஞ்சென்று எண்ண மாட்டார்கள்.

விருந்தளிப்பவனின் சூழ்ச்சிக்கு இதைவிடப் பழைய சான்று உரோமாபுரியில் உண்டு. கி.பி. 55-ஆம் ஆண்டு. பேரரசன் நீரோவின் விருந்து மண்டபம். முந்தைய பேரரசன் கிளாடியசின் மகன் பிரிட்டானிக்கஸ், பதினான்கு வயது நிரம்பும் தறுவாயிலிருந்த சிறுவன், மற்றச் சிறுவர்களோடு தனி மேசையில் அமர்ந்திருந்தான். அரச குடும்பத்தாரின் உணவை முன்சுவைத்துப் பார்க்க ஓர் ஊழியன் உண்டு. அவனுக்கும் தீங்கு வராமல், சிறுவனை மட்டும் கொல்வது எப்படி? வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் சொல்வதைக் கேளுங்கள். சூடான பானம் ஒன்று வந்தது, ஊழியன் சுவைத்தான், அதில் நஞ்சில்லை. சிறுவன் வாங்கினான், சூடு மிகுதியாக இருந்ததால் திருப்பிக் கொடுத்தான். ஆற்றுவதற்காகக் குளிர்ந்த நீர் கலந்தார்கள். நஞ்சு அந்த நீரில் இருந்தது. சுவைத்துப் பார்த்த பானத்தை மறுபடியும் சுவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சிறுவன் பேச்சும் மூச்சும் அற்று விழுந்தான். நீரோ சாய்ந்திருந்த நிலை மாறாமல், இது அவனுக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே உள்ள வலிப்பு, தானே தெளியும் என்றான். சிறிது மௌனத்துக்குப்பின் விருந்து தொடர்ந்தது! சிறுவனின் தமக்கை ஒக்டேவியா, நீரோவின் மனைவி, முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் அமர்ந்திருந்தாள். அவ்விளவயதிலேயே துயரத்தை மறைக்கக் கற்றிருந்தாள். அன்றிரவே உடல் எரியூட்டப்பட்டது. பின்னாளில் பேரரசனான டைட்டஸ் சிறுவனாக அருகில் அமர்ந்திருந்தான் என்றும், அதே பானத்தில் சிறிது அருந்தி நெடுநாள் நோயுற்றான் என்றும் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். டாசிட்டஸ் இதை எழுதியது நிகழ்ச்சிக்கு அறுபதாண்டுகளுக்குப் பின்பு. உண்மையிலேயே வலிப்பால்தான் இறந்திருக்கலாம் என்று ஐயுறும் அறிஞர்களும் உளர். எப்படியாயினும், வெந்நீரும் தண்ணீருமாகிய அந்தச் சூழ்ச்சி எந்தத் துப்பறியும் நாவலுக்கும் ஏற்றதே.

மூன்றாவதாக ஒரு சிற்றூர்ச் செய்தி. வேல்ஸ் நாட்டு எல்லையில் ஹே என்னும் ஊரில் ஹெர்பர்ட் ஆம்ஸ்டிராங் என்ற வழக்கறிஞர் இருந்தார். தெருவின் எதிர்ப்புறத்தில் மற்றொரு வழக்கறிஞர். 1921 அக்டோபரில் ஆம்ஸ்டிராங் அவரைத் தேநீருக்கு அழைத்தார். வெண்ணெய் தடவிய ரொட்டிப் பண்டம் ஒன்றை, விரலால் எடுப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தாமே எடுத்து நீட்டினார். விருந்தாளி வீடு திரும்பிக் கடுமையாக நோயுற்றார். பாஷாணம் என்ற ஐயம் பிறந்து, உள்துறை அதிகாரிகளுக்குச் செய்தி போயிற்று. அவர்கள், விசாரணை முடியும்வரை மூச்சு விடாதீர்கள், ஆம்ஸ்டிராங் அறியக்கூடாது என்று கட்டளையிட்டார்கள்.

அதன்பின் நடந்ததுதான் விந்தை. ஆம்ஸ்டிராங் மறுபடியும் தேநீருக்கு அழைக்கலானார். ஒரு முறையா, இரு முறையா? இரண்டு மாதகாலம் அழைப்பின்மேல் அழைப்பு! "உம் வீட்டுத் தேநீரில் நஞ்சிருக்கும்" என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு சாக்குக் கண்டுபிடிக்க வேண்டும். உயிருக்கு அஞ்சிய மனிதர், நாகரிகத்துக்கும் அஞ்சி நடுங்கிக்கொண்டிருந்தார். டிசம்பர் 31-ஆம் நாள் ஆம்ஸ்டிராங் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டில் முன்னரே இறந்திருந்த அவர் மனைவியின் உடலைத் தோண்டியெடுத்துச் சோதிக்க, அதில் பாஷாணம் கண்டார்கள். தோட்டத்துக் களைகளை ஒழிக்கவே அதை வாங்கினேன் என்றார். நீதிமன்றம் நம்பவில்லை, 1922 மே 31-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று வாதிட்டுப் பிற்காலத்தில் நூல் எழுதியவரும் உண்டு. அது நிற்க, தேநீருக்கு வர மறுக்க முடியாமல் தவித்த அந்த மனிதரின் இரண்டு மாதங்களை எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்திருக்க முடியாது என்று தோன்றுகிறது.

பழகியவர் தம் கண்ணெதிரே நஞ்சைப் பெய்வது கண்டும் அதை உண்டு அமைவார்கள், விரும்பத்தக்க நாகரிகத்தை நாடுவோர் என்று வள்ளுவர் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். உரையாசிரியர்கள் இதன் பெருமையை விரித்துரைப்பார்கள். கொலைக் கதைகளைப் படித்துவிட்டு அக்குறளிடம் திரும்பும்போது எனக்கு வேறொரு நினைவு எழுகிறது. வள்ளுவர் காட்டும் விருந்தாளி நஞ்சைக் கண்டவர், அறிந்தே உண்பவர். பாபிங்டன் பாதிரியாரும் அதே நாகரிகத்தால்தான் அந்த ஒரு மிடறைப் பருகினார். ஆனால் அவருக்குத் தெரிந்தே முடிவு செய்யும் வாய்ப்பை யாரும் கொடுக்கவில்லை. அதை அவரிடமிருந்து பறித்ததுதான் கார்ட்ரைட் செய்த முதல் குற்றம்.

நாவலின் கடைசிப் பக்கத்தில் எல்லாம் வெளியாகிவிட்டது. கார்ட்ரைட்டின் நண்பரான சாட்டர்த்வெய்ட் என்ற முதியவர் பொய்ரோவுடன் உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று அவருக்கு உடல் சிலிர்க்கிறது. தட்டு அன்று சுற்றி வந்தபோது அந்தக் கிண்ணம் தம் கைக்கே வந்திருக்கலாமே என்று கலங்கிச் சொல்கிறார். பொய்ரோ சிறிது நேரம் அவரைப் பார்க்கிறார். அதனினும் கொடிய ஒன்று நேர்ந்திருக்கக்கூடும் என்கிறார். என்ன அது என்று கேட்கிறார் முதியவர். அந்தக் கிண்ணத்தைத் தாம் எடுத்திருந்தால், என்கிறார் பொய்ரோ.